ஆக்சிஜன் சென்சார்: கம்பெனி டப்பாவா, கப்ளர் இல்லாததா, காயலான் கடையா?

எதிர் வீட்டு ஆச்சியின் பெட்ரோல் கார் 2007-இல் வாங்கியது. கானாடுகாத்தானில் ஷெட்டிலேயே நிற்கும். வாரம் ஒரு நாள் பள்ளத்தூர் வரை போய் வந்தால் அதிகம். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, பின்பக்கம் பெட்ரோல் வாடையும் வர, மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். முதலில் ஃபியூஸைப் பார்த்தார், அப்புறம் எலி கடித்த ஒயர் ஏதும் உண்டா என்று தேடினார். நின்றே கிடக்கிற வண்டிக்கு எலிதான் முதல் எதிரி. கடைசியாக, சைலன்சர் குழாயில் புகையின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு வந்து, அதைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்தார். நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம் காட்டும். இது ஒன்றும் காட்டவில்லை, உள்ளே அறுந்துவிட்டது.

"பழசு ஒண்ணு கிடைக்காதா தம்பி?" என்றார் ஆச்சி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் எனாமல் தூக்கும் பழசாகப் பழசாக விலை ஏறும். ஆக்சிஜன் சென்சார் அந்த ரகமில்லை. ஹீட்டர் உள்ள சென்சாரின் ஆயுள் சுமார் 1,60,000 கிலோமீட்டர். ஹீட்டர் இல்லாத பழைய வகைக்கு அதில் பாதிகூடத் தேறாது. காயலான் கடையில் கிடைப்பது எத்தனை ஓடியது என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் ஆயில் எரிந்த வண்டியில் இருந்ததா, கூலன்ட் கசிந்த வண்டியா, சிலிக்கோன் பேஸ்ட் அப்பிய வண்டியா? இந்த மூன்றுமே சென்சாருக்கு விஷம். கழற்றும் கூலியை நினைத்தாலே இந்த வழி அடிபட்டுவிடும்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. உள்ளே ஜிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக வரும்: பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், குறைந்தால் 0.1 பக்கம். அதைப் பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வகம் இருக்கிற காரைக்குடி வட்டாரத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும்: சைலன்சர் குழாயில் திருகிய ஒரு குட்டி மின்வேதிக் கலன், அவ்வளவுதான். ஆனால் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் கலன் விழிக்கும். அதற்குத்தான் ஹீட்டர். அது போனால், எஞ்சின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். பள்ளத்தூர் வரை மட்டும் போகிற வண்டிக்கு இது இன்னும் கெடுதல், முனையில் கரி அப்பிக்கொள்ளும்.

சரி, புதுசு என்றால் எது? கார் கம்பெனியின் டப்பாவில் வருவது கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும், விலை மட்டும் கண்ணைத் திறக்க வைக்கும். சென்சாரை கார் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்சோ, என்ஜிகேயின் என்டிகே போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். அந்தத் தயாரிப்பாளரின் சொந்த டப்பாவில், அதே கப்ளரோடு (ஒயர் முனையில் செருகும் இணைப்பு), அதே ஒயர் நீளத்தோடு வாங்கினால் விலை இறங்கும். பழைய சென்சாரின் உடம்பில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்கினால் மாறிப்போக வாய்ப்புண்டு.

அதைவிட மலிவு, கப்ளர் இல்லாத பொதுச் சென்சார். பழைய கப்ளரை வெட்டி இதில் சேர்க்க வேண்டும். இங்கேதான் விவகாரம். பாஷ் வகையில் இரண்டு வெள்ளை ஒயர் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ வகையிலோ இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கறுப்பைக் கறுப்போடு சேர்க்கிற எலக்ட்ரீஷியன் கையில் இது சிக்கினால், சிக்னல் ஒயருக்கு 12 வோல்ட் போய்விடும்! ஈயப் பற்று வைப்பதும் கூடாது. பல சென்சார்கள் ஒயரின் இழைகளுக்கு நடுவேதான் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. பற்று அந்த வழியை அடைத்துவிடும். ஒயர்களைச் சிறு உலோகக் குழலில் நுழைத்து நசுக்கி, அதாவது கிரிம்ப் அடித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். நிறம் பார்த்து, பொறுமையாகச் செய்கிற கை இருந்தால் இது மோசமான வழி இல்லை.

பேரில்லாத டப்பாவில் வரும் மலிவுச் சென்சாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் வண்டியில் ஒருமுறை போட்டேன், மூன்றே மாதம்.

ஆச்சிக்காக நான் எடுத்தது தயாரிப்பாளர் டப்பா. மெக்கானிக் அண்ணனும் அதையே சொன்னார், "ஒயரை வெட்ட எனக்குச் சோம்பல்" என்று காரணம் வேறு. எஞ்சின் சூடாக இருக்கும்போதே 22 நம்பர் ஸ்பேனரில் பழசைக் கழற்றினார். ஆறிவிட்டால் மரை பிடித்துக்கொள்ளுமாம். புதிதின் மரையில் மட்டும், பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான பசையைத் தடவினார், முனையில் கைவிரல்கூடப் படவிடவில்லை.

பள்ளத்தூர் தாண்டி கோட்டையூர் வரை ஓட்டித் திரும்பி வந்து, சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்தோம். 0.2, 0.8, 0.2 என்று மாறி மாறி ஓடியது, சென்சார் வேலை செய்கிறது. கழற்றிய பழையதை ஆச்சி கேட்டு வாங்கி, துடைத்து, அலமாரியில் வைத்துக்கொண்டார்.