போர் பிராக்சரிங் சர்வீஸ், ஓமலூர் பக்கம்: 3/5

தோட்டத்து போர் 720 அடிங்க. ஒரு காலத்துல ரெண்டு இன்ச் தண்ணி, இந்த வருஷம் மோட்டார் போட்டா இருபது நிமிஷத்துல வெறும் காத்து. புதுசா ஒன்னு போட்டு புகையைப் பாக்கறதுக்கு இருக்கறதையே ஹைட்ரோ பிராக்சரிங், அதாவது தண்ணியை பிரஷர்ல அடிச்சு பாறை விரிசலைத் திறந்து விடறது, பண்ணிடலாம்னு ஒரு வண்டிக்காரங்களை வரச்சொன்னேன், பேர் வேண்டாம்.

ரப்பர் பேக்கரை குழிக்குள்ள எறக்கி, கேசிங் பைப்புக்குக் கீழ கெட்டிப்பாறையில உப்ப வெச்சு இறுக்கி அடைச்சிட்டு, அதுக்கும் கீழ தண்ணியை பிரஷர்ல அடிக்கறாங்க. கேஜ் முள்ளு ஏறுது ஏறுது, திடீர்னு தொப்புனு விழுந்துச்சு, "பாறை விட்ருச்சுங்க"ன்னு ஆபரேட்டர் சிரிச்சாரு பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார்.

ராத்திரி ஓமன்ல இருக்கற மச்சானுக்கு போன் போட்டேன், அங்கயும் இதே மாதிரி பாறையை உடைக்கற வேலைதான். அவன் இருக்கறது கஸ்ஸான் கேஸ் ஃபீல்டு, பிபி நடத்தறது, 2017ல இருந்து கேஸ் எடுக்கறாங்க. அங்க மணல்பாறையாம், நாலு கிலோமீட்டருக்கும் கீழ. கேஸ் பாறைத் துளைக்குள்ளயே இருக்கும், ஆனா ஒரு துளையில இருந்து அடுத்ததுக்கு போக வழியிருக்காது, அவ்ளோ இறுக்கமான பாறை. "கேஸ் இருக்கா இல்லையாங்கறது பெரிய விஷயமில்ல மாப்ள, எங்க குத்துனா ஓடி வரும்ங்கறதுதான் தேடறது"ங்கறான். அதுக்கு பூமிக்குள்ள அதிர்வு அனுப்பி சீஸ்மிக் எடுக்கணும், பாறைத்துண்டை வெட்டி லேப்ல பாக்கணும், அப்புறம்தான் உடைக்கறது, உடைச்ச விரிசல் திரும்ப மூடிக்காம இருக்க மணலையும் சேத்து உள்ள தள்ளுவாங்களாம்.

நமக்கு மணலெல்லாம் கிடையாது. ஏற்காடு மலையே சார்னோகைட்டுங்கற கெட்டிப்பாறை, பாறைக்குள்ள துளையே கிடையாது, தண்ணி இருந்தா விரிசல்ல மட்டும்தான். அதனால இவங்க செய்யறது பழைய ஊத்துக்கண்ணுல அடைச்ச சேத்தைக் கழுவி, பக்கத்து விரிசலோட கோத்து விடறது. விரிசலே இல்லாத போருக்கு இதை பண்ணாதீங்க, காசுக்குக் கேடு. மொதல்ல கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க, நான் கேக்காம விட்டுட்டேன், அவங்களும் சொல்லல.

ரெண்டு ஸ்டார் கொறைச்சது ஏன்னா, ரெண்டு இடத்துல அடிக்கறோம்னு பேசிட்டு ஒரே இடத்துல அடிச்சிட்டு "கீழ பேக்கர் நிக்கலைங்க"ன்னு முழு பில்லையும் நீட்டுனாங்க. வாக்குவாதம் பண்ணி ஐநூறு கொறைச்சேன், அவ்ளோதான்.

இப்ப ஐம்பது நிமிஷம் ஓடுது, மொத நாலு நாள் செந்தண்ணியா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சிருச்சு. மோட்டாரை மேல எடுத்து மறுபடி எறக்க தனிக்காசு கேப்பாங்க, வண்டி வர்றதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க.