சேப்பாக்கமும் அண்ணாமலைநகரும்: இரு பல்கலைக்கழக வளாகங்கள்

சென்னைப் பல்கலைக்கழகமும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை அவற்றின் வளாகங்களே காட்டிவிடுகின்றன.

லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடத்தும் பொறுப்பு கல்லூரிகளுடையது. ஆகவே அதற்கு முதலில் வேண்டியிருந்தது வகுப்பறைகளோ விடுதிகளோ அல்ல, ஒரு பெருங்கூடம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, 1874 முதல் 1879 வரை கட்டப்பட்ட செனட் இல்லம் அப்படித்தான் எழுந்தது. நான்கு மூலைக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்டு, பக்கத்துச் சேப்பாக்கம் அரண்மனையின் சாயலோடு இசைந்து நிற்கும் இந்தக் கட்டடத்துக்கு ஈடாக அண்ணாமலைநகரில் ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றமும் இங்கே கூடியிருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் வந்த துறைகள் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி எனப் பிரிந்து கிடப்பதால், ஒரு துறை மாணவர் இன்னொரு துறை மாணவரைப் பார்க்காமலே படிப்பை முடித்துவிட முடியும்.

அண்ணாமலைநகரின் கதை வேறு. 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார், அதை வித்தாகக் கொண்டு 1929இல் உருவாக்கியது, ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகம். மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் இங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கோரிய தமிழிசை இயக்கத்தின் மாநாடு 1941இல் இங்கேதான் நடந்தது. தமிழ் அகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னை வெளியிட்டது பெரும்பணிதான். என்றாலும் அது அறிஞர்களின் மேசைப் பணி, தமிழிசை இயக்கமோ மேடைக்குப் போனது. மாணவர்கள் சேர்ந்து வாழும் வளாகம் அரசியலுக்கும் களமாகும்: 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது இங்கேதான். தனியார் நிர்வாகத்தில் வளர்ந்த இந்நிறுவனத்தை, நிதி நெருக்கடிக்குப் பின் 2013இல் மாநில அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

அண்ணாமலைக்கும் பரங்கிப்பேட்டையில் ஒரு தனி வளாகம் உண்டு. அதைச் சென்னையின் சிதறலோடு சேர்த்து எண்ணக்கூடாது. வெள்ளாற்றின் கழிமுகத்தையும் கடலையும் அருகிலிருந்து ஆராய வேண்டிய கடல் உயிரியல் துறைக்கு அங்கே இருப்பதுதான் வசதி.