புது லேப்டாப்பில் டெபியன் ஸ்டேபிள்: நீண்ட நாள் அனுபவம்

இந்த லேப்டாப்பை வாங்கியபோது எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இயங்குதளம் தன்னைப் பற்றி என்னை யோசிக்க வைக்கவே கூடாது. அதனால் நிறுவுவது சுலபமா, பார்க்க அழகா என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் எதன் ஒரு பதிப்பை எத்தனை வருடம் மாற்றாமல் ஓட்டலாம் என்று மட்டும் பார்த்தேன்.

ஃபெடோராவின் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதியது வந்துகொண்டே இருக்கும். அதைப் பின்தொடர்வதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்லது, எனக்கு அந்த நேரம் இல்லை. உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), டெபியன் ஸ்டேபிள் (நிலையான பதிப்பு) இரண்டுக்கும் 5 வருடம். டெபியனில் அது 3 வருட முழு ஆதரவும் எல்டிஎஸ் எனும் 2 வருட நீட்டித்த ஆதரவும் சேர்ந்தது. பிரவுசர் போன்ற சிலவற்றைத் தவிர, ஒரு டெபியன் பதிப்பு வெளியான பிறகு அதிலுள்ள மென்பொருள்கள் அப்படியே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்கள். என்னை இழுத்தது இதுதான்.

புது லேப்டாப்பில் இதற்கு ஒரு விலை உண்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) 6.1. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த வைஃபை சிப்பையோ கிராஃபிக்ஸையோ அது அறியாமல் இருக்கலாம். பேக்போர்ட்ஸிலிருந்து (ஸ்டேபிளுக்கெனப் புதிய மென்பொருள்களைத் தரும் டெபியனின் தனித் தொகுப்பு) கெர்னலை மட்டும் புதிதாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், நானும் அப்படித்தான் ஓட்டினேன். வைஃபை போன்ற சிப்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலையும் பழைய தொல்லையும் 12-லிருந்து இல்லை, அது இன்ஸ்டாலரிலேயே வந்துவிடுகிறது.

முதல் நாளே அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸைப் போட்டுவிட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கிக்கொள்கின்றன, கெர்னல் மாறினால் ஒரு ரீபூட், அவ்வளவுதான். புதிய பதிப்பு கட்டாயம் தேவைப்படும் ஓரிரு செயலிகள் ஃப்ளாட்பேக்கில் (செயலிகளை அடித்தளத்திலிருந்து பிரித்து நிறுவும் முறை) இருக்கின்றன. அவை அடிக்கடி மாறினாலும் அடித்தளத்தைத் தொடுவதில்லை.

குறை? காத்திருப்பு. 12-இல் டெஸ்க்டாப் சூழலான க்னோம் 43-லேயே நின்றது. 44 முதல் 47 வரை எதுவும் என் திரைக்கு வரவில்லை. பேட்டரி முழுதாக ஏறாமல் தடுக்கும் வசதி 43-இல் இல்லை, டிஎல்பி என்ற மின் மேலாண்மைக் கருவியை வைத்துச் சமாளித்தேன். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் க்னோம் 48 இருப்பதால், அந்த வசதி அமைப்புகளிலேயே கிடைக்கிறது (லேப்டாப்பும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்).

13-இன் முதல் திருத்தப் பதிப்பான 13.1 வந்த பிறகுதான் மாறினேன். முதலில் பேக்அப். அப்புறம் பேக்போர்ட்ஸையும் வெளி ரெப்போக்களையும் (டெபியனுடையது அல்லாத மென்பொருள் களஞ்சியங்கள்) நிறுத்திவிட்டு, மென்பொருள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் புக்வோர்ம் (12-இன் பெயர்) என்றிருந்ததை ட்ரிக்ஸி (13-இன் பெயர்) ஆக்கினேன். ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்தது. இப்போது கெர்னல் 6.12, பேக்போர்ட்ஸ் தேவைப்படவில்லை. ஆதரவு 2030 வரை.

இப்போதுதான் வெளியான கிராஃபிக்ஸ் சிப்போடு லேப்டாப் வாங்குபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லத் தயங்குவேன். அவர்கள் ஒரு வருடம் ஃபெடோராவில் ஓட்டிவிட்டு, அடுத்த டெபியன் வந்ததும் மாறிக்கொள்ளலாம்.