ஐஎல்டிஏ ஃபைல்: படத்துக்குச் சரி, பாட்டுக்கு இல்லை

கல்யாணம், கல்லூரி விழா, கடைத் திறப்பு என்று லேசர் புரொஜெக்டரை வாடகைக்கு விட்டு நானே போய் ஓட்டுகிறவன். எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறவர்கள் நிறைய. செய்த ஷோவை எந்த ஃபைலில் வைப்பது என்று யாரும் கேட்பதில்லை, அது கெட்டுப்போகும் வரை.

முதலில் ஐஎல்டிஏ. லேசர் படங்களைச் சேமிக்க சர்வதேச லேசர் டிஸ்ப்ளே சங்கம் வகுத்த ஃபைல் வடிவம். ஏறக்குறைய எல்லா மென்பொருளும் திறக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 32 பைட் தலைப்பு, பிறகு வரிசையாகப் புள்ளிகள்: இடம், நிறம், அந்தப் புள்ளியில் ஒளி எரிய வேண்டுமா அணைய வேண்டுமா. அவ்வளவுதான். நொடிக்கு எத்தனை புள்ளி, எத்தனை ஃபிரேம் என்று எழுத அதில் இடமே கிடையாது. இது தெரியாமல் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை ஐஎல்டிஏவாக மட்டும் சேமித்து வைத்திருந்தேன். ஹார்டு டிஸ்க் போய், அதைத் திரும்பத் திறந்தபோது படம் எல்லாம் பத்திரமாக இருந்தது. பாட்டு பல்லவியைத் தாண்டுவதற்குள் லேசர் சரணத்துக்குப் போய்விட்டது. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தாளத்துக்குப் பொருத்தினேன்.

நிறத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய 0, 1 வகைகளில் நிறம் வெறும் எண். நிறப்பட்டியல் கூடவே வராவிட்டால், திறக்கிற மென்பொருள் தன்னிடம் இருக்கிற பட்டியலைப் போட்டுக்கொள்ளும். நகைக்கடை ஒன்றின் தங்கநிற லோகோ எனக்குப் பச்சையாக வந்து சேர்ந்தது இப்படித்தான். அதனால் யாரிடம் ஃபைல் கேட்டாலும் 4 அல்லது 5 என்று சொல்லிக் கேளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் புள்ளியோடு புள்ளியாக அதிலேயே இருக்கும்.

ஷோவை முழுதாகப் பதிய எனக்குப் பிடித்தது பல சேனல் வேவ், அதாவது சுருக்காத ஒலி ஃபைல். 90களில் ஏடாட் என்ற டிஜிட்டல் ஒலிப்பதிவு டேப்பில் எட்டு டிராக்கில் செய்ததேதான் இது: கற்றையின் இடத்துக்கு எக்ஸ், ஒய், மூன்று நிறம், கூடவே பாட்டும். எல்லாம் ஒரே ஃபைலில் ஓடுவதால் தாளம் விலகவே விலகாது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், எட்டு சேனல் என்றால் நாலு நிமிடத்துக்குச் சுமார் 184 எம்பி. இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தச் சேனல்களைப் புரொஜெக்டருக்கு மின்னழுத்தமாக அனுப்புவது சவுண்ட் கார்டு; சாதாரண கார்டு ஆகாது. அது நிலையான மின்னழுத்தத்தை வெளியே விடாது. சுவரின் இடது ஓரத்தில் நிற்க வேண்டிய கற்றை மெல்ல நடுவுக்கு ஊர்ந்து வந்துவிடும். கூட்டம் நிற்கிற இடத்தில் இது விளையாட்டு இல்லை. நிலையான மின்னழுத்தத்தையும் அப்படியே விடுகிற, டிசி கப்ளிங் உள்ள கார்டுதான் வேண்டும்.

இடம் மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்கியும் பார்த்தேன். காதுக்குக் கேட்காததைத்தான் அது தூக்கிப் போடுகிறது. கற்றையைத் திருப்புகிற கேல்வோ கண்ணாடிக்குக் காது ஏது? சதுரத்தின் மூலை நெளிந்து போயிற்று. சுருக்கியே ஆக வேண்டும் என்றால் ஃபிளாக் சரி, அது எதையும் இழப்பதில்லை.

வேவின் பெரிய குறை, திருத்த முடியாது. மணமகள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால் மென்பொருளில் செய்த மூல புராஜெக்ட் ஃபைலுக்குத்தான் ஓட வேண்டும். அப்புறம், 30கேவுக்கு, அதாவது நொடிக்கு 30 ஆயிரம் புள்ளிக்கு, செய்ததை 20கே புரொஜெக்டரில் போட்டால், மெதுவாக்கவும் வழியில்லை, பாட்டும் கூடவே இழுபடும்.

இப்போது ஒவ்வொரு ஷோவுக்கும் புராஜெக்ட், வேவ், ஐஎல்டிஏ மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்கிறேன். ஐஎல்டிஏ ஃபைலின் பெயரிலேயே ‘30கே, 25 ஃபிரேம்’ என்று எழுதிவிடுகிறேன்.