அலுமினியக் கூலன்ட் ஃபிளாஞ்ச்: பல கோடைகள் ஓட்டிய பிறகு

கூலிங் சிஸ்டத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் மெட்டலாக மாற்றத் தேவையில்லை. கை எட்டாத இடத்தில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். பல கோடைகள் ஓட்டிய பிறகு என் முடிவு இதுதான்.

என்னுடையது பழைய ஜெர்மன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார். இன்ஜின் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பை) ஒட்டினாற்போல் ஒரு கூலன்ட் ஃபிளாஞ்ச். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் ஹோஸை ஹெட்டோடு இணைக்கும் துண்டு அது. அதைத் தொடவே, சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். கம்பெனி போட்டது கண்ணாடி இழை கலந்த நைலான் 66. புதிதில் நல்ல உறுதிதான். ஆனால் 90 டிகிரிக்கு மேல் சுடும் கூலன்டில் வருடக்கணக்கில் ஊறும்போது, அதிலுள்ள தண்ணீரே நைலானின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழையதைக் கழற்றியபோது ஹோஸ் மாட்டும் கழுத்து அப்பளமாக நொறுங்கி, பாதித் துண்டுகள் ஹோஸுக்குள்ளேயே தங்கிவிட்டன. டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எடுத்தோம். விட்டிருந்தால் தெர்மோஸ்டாட்டில் போய் அடைக்கும்.

கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. 6061 ரக அலுமினியக் கட்டியில் சிஎன்சி மெஷினில் கடைந்து, அரிப்பைத் தடுக்க அனோடைஸ் பூச்சு செய்து வாங்கினேன். பித்தளையிலும் செய்து தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். ஹெட் அலுமினியம். பக்கத்தில் பித்தளை இருந்தால், கூலன்ட் பழசாகிக் காப்புச்சத்து குறைந்ததும் அரிப்பு ஹெட் மேல்தான் விழும்.

பொருள் எது என்பதைவிட அளவுதான் முக்கியம். ஹெட்டோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் 3.53 மி.மீ. தடிமன் ரப்பர் வளையத்துக்கு (ஓ-ரிங்) பள்ளம் 2.7 மி.மீ. ஆழம் இருந்தால்தான் அது சரியாக நசுங்கி அடைக்கும். ஹோஸ் கழுத்தின் நுனியில் சின்னதாக ஒரு வளையம் புடைத்திருக்க வேண்டும். வழவழப்பான குழாயாக விட்டால், பிரஷர் ஏறும்போது கிளிப்பை மீறி ஹோஸ் நழுவும். ஓ-ரிங் ஈபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கச் சொன்னேன். ஃபிளாஞ்ச் மெட்டல் என்ற தைரியத்தில் இழுத்துப் பிடித்தால் ஹெட்டில் உள்ள மரை போய்விடும். மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் பைப்பையும் அதே கையோடு அலுமினியத்துக்கு மாற்றினோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்டில் சிக்கிய காற்றை வெளியேற்றி முடித்ததும் மெக்கானிக் சொன்னார்: “வால்பாறை ஏறி எறங்கிட்டு வாங்கண்ணா, அப்புறம் பேசிக்கலாம்.”

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டபடியே ஏறினேன். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்; பல கார்களில் சூடு ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரிலிருந்து நேரடி அளவைப் படிக்கும் ஓபிடி ரீடர் மாட்டிப் பார்த்தேன். வெப்பநிலை பிளாஸ்டிக் இருந்தபோது காட்டிய அளவேதான். மெட்டல் போட்டால் இன்ஜின் குளிர்ந்து ஓடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஃபேனும்தான். ஃபிளாஞ்சின் வேலை உடையாமல் இருப்பது. அதை இன்றுவரை சரியாகச் செய்கிறது.

இடையில் ஒருமுறை வேறு வேலைக்காக மேனிஃபோல்டைக் கழற்றியபோது பார்த்தேன். கூலன்ட் காய்ந்த தடம் துளிகூட இல்லை. அனோடைஸ் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஓ-ரிங் மட்டும் தட்டையாகியிருந்ததால் புதிது போட்டோம். கூலன்ட் எப்போதும் கார் மேனுவலில் சொன்ன வகைதான், டிஸ்டில்டு வாட்டர் கலந்து. போர் தண்ணீர் ஊற்றுபவராக இருந்தால் இந்த அலுமினியத்துக்குச் செலவு செய்யாதீர்கள். உப்பே அதை அரித்துவிடும்.

முன்பக்கம் இருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கையும் எக்ஸ்பான்ஷன் டேங்கையும் பிளாஸ்டிக்கிலேயே விட்டுவைத்திருக்கிறேன். ரெண்டும் பானட்டைத் திறந்தாலே கண்ணில் படும், ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். டேங்க் மஞ்சளடித்து, தையல் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மூடியோடு சேர்த்துப் புதிது மாட்டிவிடுவேன்.