தாய்ச்சபையா, புதுச் சபையா, ஆளுக்கொரு சபையா? வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சபையை வைத்து வரும் சண்டை உபதேசத்தில் ஆரம்பிப்பது அபூர்வம். மாமியார் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை); மருமகள் பிறந்தது பெந்தெகொஸ்தே வீட்டில். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவள் கிளம்பினால் மதியச் சோற்றை யார் பார்ப்பது, தாலிச் செயினைக் கழற்றச் சொல்லும் பாஸ்டர் பேச்சைக் கேட்பதா, பிறந்த குழந்தைக்கு இப்போதே ஞானஸ்நானமா, வளர்ந்த பிறகா என்றுதான் தொடங்கும். வசனம் பிறகு ஆயுதமாக வந்து சேரும்.

எதிரே இருக்கும் வழிகள் மூன்று. எல்லோரும் தாய்ச்சபையிலேயே, அதாவது தலைமுறையாக இருந்துவரும் பழைய சபையிலேயே, இருக்கலாம், எல்லோரும் புதுச் சபைக்கு மாறலாம், ஆளுக்கொரு சபையாகப் போகலாம். இவற்றைப் பிரசங்கத்தின் காரத்தை வைத்தோ பாட்டின் இனிமையை வைத்தோ அளந்தால் சண்டை தீராது. மத்தேயு 18:15-17 இதைவிட நல்ல அளவுகோல். குற்றம் செய்தவனிடம் முதலில் நீ தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்கிறது அது. இந்தப் படிகள் நடக்கச் சபைக்கு இரண்டு வேண்டும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இரு பக்கமும் கேட்கிற அளவுக்கு நெருங்கிய ஆள் ஒருவர். அவரே தவறினால் மேலே போய் முறையிட ஓர் இடம். நம் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலும் ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது.

தாய்ச்சபைகள்

வேலூர்ப் பகுதி சி.எஸ்.ஐ.யின் வேர் அமெரிக்க ஆற்காடு மிஷன். ஸ்கடர் குடும்பத்தார் 1853-இல் தொடங்கிய அந்த மிஷன், மூப்பர்களும் கமிட்டியும் சேர்ந்து சபையை நடத்தும் சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் மேல் பேராயர் முறையும் வந்து அமர்ந்தது. ஆகவே இங்கே முறையிட ஓர் ஏணியே இருக்கிறது: ஆயர், குருசேகரக் கமிட்டி (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழு), அதற்கு மேல் பேராயரின் ஆட்சிக்குட்பட்ட பேராயம். ஆயர் ஒருதலையாகப் பேசினால் எழுத்தில் கொடுத்துக் கேட்க முடியும்.

குறை நெருக்கத்தில். ஓர் ஆயருக்கு நகரத்து ஆலயத்தோடு பல கிராமச் சபைகளும் இருக்கும். சில வருஷத்தில் மாற்றலும் வந்துவிடும். உங்கள் வீட்டுச் சண்டையின் முதல் பாதி முந்தின ஆயருக்குத்தான் தெரியும். கமிட்டித் தேர்தல் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம்; அண்ணன் ஓர் அணி, தம்பி எதிரணி என்று இருக்கும் வீட்டில் சமாதானம் பேச வருகிறவரே ஓட்டுக் கேட்க வந்தவராக இருப்பார். இரண்டாம் படிக்கு ஆள் தேடுகிறவர்கள் கமிட்டிக்காரரை விட்டுவிட்டு, தேர்தலில் நிற்காத பெரியவர் ஒருவரையும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு மூத்த அம்மாவையும் சேர்த்து அழைப்பது நல்லது. பெண் தரப்பைப் பெண் கேட்டால்தான் பாதி விஷயம் வெளியே வரும்.

ரோமன் கத்தோலிக்க சபையில் (வேலூர் மறைமாவட்டம் 1952-இல் அமைந்தது) ஏணி இன்னும் நீளம். அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்கள்) ஒழுங்காகக் கூடும் பங்குகளில் நெருக்கமும் உண்டு. அன்பியம் பெயருக்கு இருந்தால் அதுவும் இல்லை. கணவன் மனைவி வழக்கில் இங்கே தனி வசதி ஒன்று இருக்கிறது. அந்தத் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுமா என்று விசாரிக்கும் திருச்சபைத் தீர்ப்பாயம் அது. ஆனால் அங்கே கிடைப்பது திருச்சபைக்குள் செல்லும் தீர்ப்பு மட்டும். சட்டப்படி பிரிய நீதிமன்றம் தனியாகப் போக வேண்டும். இதைத் தெரியாமல் மறுமணத்துக்கு நாள் குறித்தவர்கள் சிக்கிக்கொள்வார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் லூத்தரன் சபை வலுவாக இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானம், ஆராதனை ஒழுங்கு எல்லாம் சி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் வரும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு மற்ற சபைகள் பார்த்துப் பழக வேண்டியது. திருவிருந்தை (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) பொதுவாகத் தங்கள் சபையாருக்கு மட்டுமே கொடுப்பார்கள் என்பதால், வேறு சபையிலிருந்து வந்த மருமகள் அன்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க நேரும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இல்லை.

புதுச் சபைகள்

சுயாதீன பெந்தெகொஸ்தே சபைகளின் பலம் நெருக்கம்தான். இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தாலும் பாஸ்டர் எடுப்பார். குடிகாரக் கணவனைத் தேடி ஒயின்ஷாப் வாசலுக்கே போய்க் கூட்டி வருவார். தாய்ச்சபையில் பத்து வருஷம் யாரும் வாசலை மிதிக்காத வீட்டுக்கு இது சாதாரண விஷயமா? ஆட்கள் மாறுவதற்கு அந்நிய பாஷையைவிட இந்த விசாரிப்பே பெரிய காரணம்.

ஏணிதான் இல்லை. பாஸ்டர், அவர் மனைவி, வளர்ந்த மகன் மூவரும்தான் நிர்வாகம் என்றால், அவர் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. அசெம்பிளி ஆஃப் காட் போல அமைப்பு உள்ளவற்றில் மேலே கேட்க இடம் உண்டு. ஆகவே பெந்தெகொஸ்தே என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. சகோதரர் சபைகளில் சம்பளப் பாஸ்டரே இல்லை, மூப்பர்கள் பலர் சேர்ந்து நடத்துவார்கள். ஒருவர் கை ஓங்குவது குறைவு. பெண்கள் சபையில் பேசும் வழக்கம் இல்லாததால், மனைவியின் முறையீடு கணவன் வாயிலாகவே மூப்பர்களுக்குப் போய்ச் சேரும் ஆபத்து அங்கே இருக்கிறது.

புதுச் சபையில் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் தீர்க்கதரிசனம். “உங்க வீட்லயே ஒருத்தர் செய்வினை வெச்சிருக்காங்க” என்று மேடையிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். யார் என்று சொல்லத் தேவையில்லை, மாமியார் பெயரை மருமகள் மனசே எழுதிக்கொள்ளும். அதன் பிறகு மத்தேயு 18-இன் முதல் படிக்கே இடமில்லை, ஏனென்றால் குற்றம் என்னவென்று நேரில் கேட்க முடியாது. தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்கிறது. நிதானிக்க ஒருவரையும் விடாத சபை, ஆராதனை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், சண்டை உள்ள வீட்டுக்கு ஆகாது.

மருந்து எடுக்கக் கூடாது என்று போதிக்கும் சில சபைகளும் உண்டு. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இருக்கிற ஊரில் இதனால் வரும் சண்டை கொஞ்சமல்ல. அப்பாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதற்கு முன், லூக்காவையே ‘பிரியமான வைத்தியன்’ என்று கொலோசெயர் 4:14 அழைப்பதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

திரும்பப் பெற முடியாதவை

ஞாயிறு எங்கே போனோம் என்பதை அடுத்த வாரமே மாற்றலாம். ஞானஸ்நானத்தை மாற்ற முடியாது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லூத்தரன் மூன்றும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்தில் தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானத்தை இரண்டாம் தடவை கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே, சகோதரர் சபைகள் குழந்தைக்குக் கொடுத்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. விசுவாசித்த பின் முழுக்கு வேண்டும் என்பார்கள். சிறைச்சாலைக்காரன் ‘தன்னுடையவர் அனைவரோடும்’ ஞானஸ்நானம் பெற்றதை (அப்போஸ்தலர் 16:33) இரு தரப்பும் தங்கள் பக்கம் காட்டுவார்கள். அந்த விவாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் முடியப்போவதில்லை. செய்யக் கூடாதது ஒன்றே: துணைக்குத் தெரியாமல் முழுக்கு எடுப்பது. மறுஞானஸ்நானம் எடுத்தவரின் திருவிருந்து உரிமையிலும் கமிட்டித் தகுதியிலும் தாய்ச்சபையில் சிக்கல் வரலாம். வீட்டில் அதைவிடப் பெரிய காயம், மறைத்ததுதான்.

துணை இந்துவாகவே இருக்கும் வீட்டில் அவசரமே வேண்டாம். அவிசுவாசியான துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடாதே என்பது 1 கொரிந்தியர் 7:12-13. காகித விஷயமும் இருக்கிறது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அப்படி மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மதம் மாறியவரின் பங்கு போகாது. ஆனால் மாறிய பின் பிறந்து, சொத்து இறங்கும் நேரத்தில் இந்துவாக இல்லாத பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. இதைச் சொல்லாமல் ஆற்றில் இறக்கும் பாஸ்டர் தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. பேராயரால் அபிஷேகம் பெற்ற குருமார் அந்தத் தகுதியிலேயே நடத்தலாம். மற்ற ஊழியர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பாஸ்டர் நடத்திய கல்யாணத்தின் சான்றிதழ், பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ போகும் நாளில்தான் இடிக்கும். கத்தோலிக்கர் வேறு சபைக்காரரைக் கட்ட மறைமாவட்ட அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும், அது மறு தரப்புக்கும் தெரிய வேண்டும். ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்பை ஆலயத்தில் படிக்க, மூன்று ஞாயிறு போகும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தை யாரும் நினைப்பதில்லை. தாய்ச்சபைக்கு இடம் இருக்கும், ஆனால் ஏட்டில் பெயரும் சந்தாவும் பார்ப்பார்கள். சிறு சுயாதீன சபைக்குச் சொந்த இடம் பெரும்பாலும் இருக்காது. சாவு வீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு பழைய சபை வாசலில் நிற்கிற நிலை வரக் கூடாதென்றால், ‘அடக்கம் எங்கே?’ என்று சேரும் நாளிலேயே கேளுங்கள்.

ஆளுக்கொரு சபை

இது தோல்வி மாதிரித் தெரியும். உண்மையில் பல வீடுகளில் இதுவே குறைந்த சேதம். ரோமர் 14 உணவையும் நாட்களையும் பற்றிப் பேசுகிறது. அவனவன் தன் மனதில் நிச்சயப்படட்டும், சகோதரனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்பது அதன் சாரம். நகை போடுவது, முக்காடு, பாட்டுக்குக் கைதட்டுவது எல்லாம் இந்தக் கூடைக்குள் அடங்கும்.

இது ஓட மூன்று விஷயம் முன்னமே பேசித் தீர வேண்டும். பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குப் போவது ஒரே இடத்துக்கு. வாரம் மாற்றி அனுப்பினால் எங்குமே நண்பர்கள் சேராமல் பன்னிரண்டு வயதில் இரண்டையும் விட்டுவிடுவார்கள். வீட்டு ஜெபம் இரவில் பத்து நிமிஷம், இரு சபைப் பாட்டிலும் ஒவ்வொன்று. மூன்றாவது காசு. மாதம் 18,000 ரூபாய் வருமானத்தில் தசமபாகம் 1,800. அதற்கு மேல் தாய்ச்சபைச் சந்தா, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, பொருத்தனை. வாடகை 5,000-மும் பள்ளிக் கட்டணமும் போனபின் யார் பங்கிலிருந்து எடுப்பது என்று எழுதி வைக்காவிட்டால் இரண்டாம் மாதமே சண்டை. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லிக் காணிக்கையாக்கியவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9-13). அம்மாவின் மருந்துக் காசு எந்தச் சபைக் காணிக்கைப் பையிலும் விழக் கூடாது.

சபைக்குள் தீராதவை

அடி உதை இருக்கும் வீட்டில் மத்தேயு 18-இன் முதல் படியைச் செய்யச் சொல்வது தவறு. அடிப்பவன் முன்னால் தனியாகப் போய் நிற்கச் சொல்வதாகிவிடும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போவது முதலில். மனைவி பிரிந்திருக்கும் நிலையைப் பவுலே 1 கொரிந்தியர் 7:11-இல் கணக்கில் எடுத்திருக்கிறார். குடிக்கு ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

சொத்துப் பாகப்பிரிவினையை எந்தப் பாஸ்டரிடமும் கொண்டுபோகாதீர்கள். ‘என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார்’ என்று இயேசுவே ஒதுங்கிக்கொண்டார் (லூக்கா 12:14). கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாவிட்டால் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். ‘சீர் கொடுத்தாச்சு, தங்கச்சிக்குப் பங்கு இல்லை’ என்பது எந்தச் சபைக்காரர் சொன்னாலும் செல்லாது.

சேரும் முன்

மூன்று மாதம் கையெழுத்தோ முழுக்கோ இல்லாமல் போய்ப் பாருங்கள். அதில் ஒரு தடவையாவது துணையையும் கூட்டிச் சென்று பாஸ்டரிடமோ ஆயரிடமோ இவற்றைக் கேளுங்கள்: காணிக்கைக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்? உங்கள் மேல் புகார் என்றால் யாரிடம் போவது? கணவன் மனைவி சண்டையில் ஒருவரை மட்டும் கேட்டு முடிவு சொன்னதுண்டா? அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகச் சொல்வீர்களா? கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் அடுத்த ஞாயிறும் போகலாம். பழைய சபையைத் திட்டித் தன் சபையைப் புகழ்கிறவர் நாளைக்கு உங்கள் மாமியாரையும் அப்படித்தான் பேசுவார்.

மாறுவது என்று முடிவானால் சொல்லாமல் நின்றுவிட வேண்டாம். சந்தா பாக்கியைக் கட்டி, மாற்றுக் கடிதமும் பிள்ளைகளின் ஞானஸ்நான ஏட்டு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரின் பெயரை மட்டும், அவர்களே கேட்டாலொழிய, பழைய ஏட்டிலிருந்து எடுக்க வேண்டாம்.