வரிக் குறைப்பு யாருடைய பைக்குப் போகிறது? ரணில், அநுர, கோட்டாபய: மூன்று கணக்குகள்

இலங்கையின் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வருமான வரியைத் தொடாத மேடையே இல்லை என்று சொல்லலாம். காரணம் தெரிந்ததுதான். 2023 தொடக்கத்தில் புதிய வரி வந்ததும் வைத்தியர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தார்கள், வீதிக்கு இறங்கினார்கள். அதனால் எல்லாக் கட்சிகளும் வரியைக் குறைப்பதாக வாக்குக் கொடுத்தன. ஆனால் எப்படிக் குறைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். வழி மாறும்போது பலன் பெறும் ஆளும் மாறுகிறார். மேடையில் யாரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை என்பதால் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அப்போதிருந்த நிலை. மாதச் சம்பளம் ஒரு லட்சம் ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் வருமானம் வருடத்துக்கு 5 லட்சம் கொண்ட ஐந்து படிகளாகப் பிரியும், அந்தந்தப் படிக்குள் வரும் தொகைக்குத் தனித்தனி வீதம். அவற்றுக்கு 6, 12, 18, 24, 30 சதவீதம், மிச்சம் முழுவதற்கும் 36 சதவீதம். இதன்படி மாதம் ஒன்றரை லட்சம் எடுப்பவர் 3,500 ரூபா கட்டினார். இரண்டு லட்சம் எடுப்பவர் 10,500, மூன்று லட்சம் எடுப்பவர் 35,000, பத்து லட்சம் எடுப்பவர் 286,500.

ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் தேர்தலுக்குச் சற்று முன் வைத்த யோசனை, படிகளை அகலமாக்குவது. ஒரு லட்சம் எல்லை அப்படியே இருக்கும், சதவீதங்களும் மாறாது, ஒவ்வொரு படியும் 5 லட்சத்திலிருந்து 7 லட்சத்து 20 ஆயிரமாகும். அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வரி இல்லாத எல்லையை மாதம் இரண்டு லட்சமாக உயர்த்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியது. ஆட்சிக்கு வந்து சர்வதேச நாணய நிதியத்தோடு பேசி முடித்ததும், 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது ஒன்றரை லட்சம் எல்லைதான். முதல் படி 10 லட்சமாகி அதற்கு 6 சதவீதம் என்றானது. 12 சதவீதப் படி இல்லாமல் போனது. 18 முதல் 36 வரை பழையபடியே.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்தால், மாதம் மிச்சமாகும் தொகை இப்படி வருகிறது:

ஒன்றரை லட்சம் சம்பளம்: ரணில் யோசனையில் 500 ரூபா, நடைமுறைக்கு வந்த அநுர முறையில் 3,500.
இரண்டு லட்சம்: 2,100, 7,500.
மூன்று லட்சம்: 8,600, 16,500.
பத்து லட்சம்: 16,500, 20,500.

கடைசி வரியையும் முதல் வரியையும் சேர்த்துப் பாருங்கள். பத்து லட்சக்காரருக்கு அநுர முறை கூடுதலாகக் கொடுத்தது 4,000 ரூபா மட்டும். ஒன்றரை லட்சக்காரருக்கு அது ரணில் யோசனையைப் போல ஏழு மடங்கு கொடுத்தது. அநுர முறையில் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டியதும் மிச்சம் 20,500 இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு சதம் கூடாது. நடுத்தரச் சம்பளக்காரருக்கு, அதாவது பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்த ஒரு வங்கி உத்தியோகத்தருக்கோ ஒரு இளம் வைத்தியருக்கோ, இரண்டில் அநுர முறைதான் நல்லது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் சொன்ன இரண்டு லட்சத்தைக் கொடுக்காததற்காக அரசாங்கத்தைத் திட்டவேண்டுமா? வாக்குறுதி வாக்குறுதிதான், அதைக் கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. படிகளைத் தொடாமல் எல்லையை மட்டும் இரண்டு லட்சமாக்கியிருந்தால், இரண்டு லட்சம் எடுப்பவருக்கு 10,500 ரூபா மிஞ்சியிருக்கும், பத்து லட்சம் எடுப்பவருக்கோ மாதம் 36,000 மிஞ்சியிருக்கும். எல்லையை உயர்த்தும்போது ஒவ்வொருவருக்கும் அவரவருடைய மேல்படியிலிருந்துதான் தொகை கழிகிறது. மேல்படியில் 36 சதவீதம் கட்டுபவருக்குத்தான் அதில் பெரிய லாபம். எல்லையை உயர்த்துவது ஏழைக்கு உதவுவது போலத் தெரிவதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

சஜித் பிரேமதாசவின் ஐக்கிய மக்கள் சக்தி வீதங்களையே குறைப்பது பற்றிப் பேசியது. அதில் உச்ச வீதத்தைத் தொடும் பகுதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. 36 சதவீதத்தில் ஒரே ஒரு சதவீதம் குறைத்தாலும் பத்து லட்சக்காரருக்கு மாதம் ஏறத்தாழ 6,900 ரூபா மிஞ்சும். மூன்று லட்சம் எடுப்பவர் அந்தப் படியை எட்டவே இல்லை, அவருக்கு எதுவும் இல்லை. உச்ச வீதம் அதிகம் என்பதால்தான் படித்தவர்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்ற வாதம் முழுப் பொய்யில்லை. ஆனால் போன இளம் வைத்தியர்களில் பெரும்பாலானோர் பத்து லட்சச் சம்பளக்காரர்கள் இல்லை. அவர்களைப் பிடித்து நிறுத்த நடுப் படிகளைக் குறைப்பதுதான் வழி.

சரி, இதுவரை பேசியது எல்லாம் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களைப் பற்றி. நாட்டில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. மேலே சொன்ன எந்த யோசனையிலும் ஹட்டனிலோ பதுளையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து சதம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வரி கட்டாமல் இல்லை. 2024 ஜனவரியில் வற் வரி, அதாவது பொருள்களின் விலையோடு சேர்த்து எடுக்கும் பெறுமதி சேர் வரி, 15 இலிருந்து 18 சதவீதமானது, சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் கூட அதற்குள் வந்தன. வற் சேர்ந்த பொருளை 1,000 ரூபா கொடுத்து வாங்கினால் அதில் 152 ரூபாவுக்கு மேல் வரி. சவர்க்காரத்துக்கு, பற்பசைக்கு, கைபேசி ரீலோடுக்கு எல்லாவற்றுக்கும் அவர் கட்டும் வீதமும் பத்து லட்சக்காரர் கட்டும் வீதமும் ஒன்றுதான். அரசாங்கத்தின் வரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட மறைமுக வரிகளிலிருந்துதான் வருகிறது. அதனால் ஒரு கட்சியின் வரித் திட்டத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது வற் வரி பற்றிய பக்கத்தை.

அந்தப் பக்கத்தில் தேசிய மக்கள் சக்தியிடம் நல்ல வாக்குறுதி இருந்தது. அத்தியாவசிய உணவு, சுகாதாரம், கல்வி ஆகியவற்றிலிருந்து வற்றை எடுப்போம் என்றது. 2025 ஏப்ரலில் வந்தது உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் விலக்கு. சம்பள வரியில் வாக்குறுதியின் பாதியாவது வந்தது, இங்கே ஓர் ஓரம்தான் வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

விலக்கு என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பொருளுக்கு வற் விலக்களித்தால், அதை உற்பத்தி செய்பவர் பொதிக்கும் இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் கட்டிய வற்றைத் திரும்பக் கேட்க முடியாது. அது அவருடைய செலவாகி விலையில் ஏறும். ஆகவே 18 சதவீதம் விலக்கு என்றாலும் விலை அந்த அளவுக்கு இறங்காது. முழுப் பலன் கிடைக்க வேண்டுமானால் பூச்சிய வீதம் விதிக்க வேண்டும், அப்போது உற்பத்தியாளர் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். எந்த விஞ்ஞாபனத்தையும் படிக்கும்போது விலக்கா பூச்சிய வீதமா என்று பார்ப்பது நல்லது.

அப்புறம், வற்றைக் குறைத்தால் மட்டும் ஏழைக்குப் போய்ச் சேருமா என்ற கேள்விக்கு நம்மிடமே கசப்பான பதில் இருக்கிறது. 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ கொடுத்த வாக்குறுதிதான் இலங்கை கண்ட மிகப் பெரிய வரிக் குறைப்புகளில் ஒன்று. டிசம்பர் 1 முதல் வற் 15 இலிருந்து 8 சதவீதம். தேச கட்டுமான வரி நீக்கம். வற்றுக்குப் பதிவு செய்யவேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியன். வருமான வரி இல்லாத எல்லை மாதம் இரண்டரை லட்சம், உச்ச வீதம் 24 இலிருந்து 18. கம்பனி வரி 28 இலிருந்து 24. அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர இது நாட்டை வங்குரோத்துக்குக் கொண்டுபோகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார்.

அந்தத் திட்டத்தில் யார் வென்றார் என்பதையும் அதே அளவுகோலால் பார்க்கலாம். மாதம் ஒரு லட்சம் எடுத்தவருக்கு அதற்கு முன்பும் சம்பள வரி இல்லை, ஆகவே மிச்சம் பூச்சியம். இரண்டரை லட்சம் எடுத்தவருக்கு 12,000 மிஞ்சியது. பத்து லட்சம் எடுத்தவருக்கு 186,000 ரூபா வரி 90,000 ஆக இறங்கி மாதம் 96,000 மிஞ்சியது. வற் குறைந்ததால் கடையில் விலை குறைந்ததா? அடுத்த வருடம் சீனியில் நடந்ததைப் பார்த்தாலே போதும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். சனங்கள் வாங்கிய சீனியின் விலை இறங்கவில்லை. திறைசேரி இழந்தது ஏறத்தாழ 16 பில்லியன் ரூபா. இறக்குமதி ஒரு சிலர் கையில் இருக்கும் பொருளில் வரியைக் குறைத்தால் அது அவர்களுடைய லாபமாகிறது.

தேசிய உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் 8 சதவீதமளவுக்கு விழுந்தது. கொவிட்டும் அதற்கு ஒரு காரணம், ஆனால் ஓட்டையைப் போட்டது அந்த வெட்டு. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னபோது ராஜபக்ஷ சகோதரர்கள் கோட்டாபய, மகிந்த, பசில் மூவருடைய பெயரும் இருந்தன. 96,000 மிச்சம் பிடித்தவர் பெருமளவு தப்பிவிட்டார். அதற்கு விலை கொடுத்தவர் எரிவாயு வரிசையில் நின்றவர்.

ஆகவே மூன்றில் மோசமானது கோட்டாபயவின் வெட்டு, அதில் தர்க்கத்துக்கே இடமில்லை. ரணில் யோசனை மேல்மட்டத்துக்குச் சாய்ந்தது, ஆனால் அரசாங்க வருமானத்தை உடைத்திருக்காது. அநுர முறை வருமான வரி கட்டுபவர்களுக்குள் நியாயமானது, அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவரை இன்னும் தொடவில்லை.

வற்றைக் குறைக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். சர்வதேச நாணய நிதியத்தோடு ரணில் அரசாங்கம் ஒரு சொத்து வரிக்கு உடன்பட்டிருந்தது. சொந்த வீட்டுக்கு வாடகை வந்ததாகக் கணக்கிட்டு, குறிப்பிட்ட எல்லைக்கு மேலே போனால் அறவிடும் வரி. வீடுள்ளவர்களில் பெரும்பாலானோரை அது தொடாது என்று அரசாங்கம் சொன்னது. தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சிகள் அதை ஒவ்வொரு குடிசைக்கும் வரும் வரி போலக் காட்டின. பின்பு அது தள்ளிப் போடப்பட்டது. பணக்காரர் வாழும் கொழும்பு 7 இல் மூன்று வீடு வைத்திருப்பவரிடம் எடுக்க முடியாததைத்தான் நாம் இன்னும் சவர்க்காரத்திலும் ரீலோடிலும் எடுக்கிறோம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்தச் சொத்து வரியை எந்த வருடம், எந்த எல்லையில், எத்தனை வீட்டுக்கு மேல் போடுவீர்கள், அதில் வருவதைக் கொண்டு எந்தப் பொருளின் வற்றைப் பூச்சியமாக்குவீர்கள் என்று கேட்கவேண்டும். எண்ணில் பதில் வரும் வரை விடக்கூடாது.